ஓட்டல் மெத்தை

"இந்த வருசம் பார்ட்டிக்கு நான் போறனுங்க. நீங்க கோழியப் பாத்துக்கங்க" என்றாள் தெய்வநாயகி.

காளிதாஸ் முட்டை அட்டை அடுக்குவதை நிறுத்தவில்லை.

"சரி, போயிட்டு வா" என்றார்.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

எருமப்பட்டிப் பக்கத்துப் பண்ணைக்காரர்களைத் தீவனக் கம்பெனி வருஷா வருஷம் சென்னைக்கு அழைத்துப் போகும். புரட்டாசியில் முட்டை விற்காமல் தேங்கும்போதுதானே இவர்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம்? பெரிய நட்சத்திர ஓட்டலில் பாட்டு, டான்ஸ், விருந்து. ராத்திரி அங்கேயே தங்கல்.

புருஷன் பெண்டாட்டியாகத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் வேலையாள் இல்லாத இவர்கள் பண்ணையில், கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட ஒருத்தர் இருந்தாக வேண்டும். அந்த ஒருத்தர் எப்போதும் தெய்வநாயகிதான். அன்றைக்குக் கோழிக் கொட்டகை ஓரமாகவே கட்டிலைப் போட்டுப் படுத்துக்கொள்வாள்.

திரும்பி வந்தவரிடம் ஆசை ஆசையாகக் கேட்பாள். ரூம் எப்படி இருந்தது, மெத்தை எப்படி இருந்தது?

"மெத்த மெத்தையாட்டத்தான் இருந்துச்சு" என்று துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவார்.

தான் அனுபவித்ததை வாயால் சொல்லக்கூட மனசு வராத மனுஷன். அவரைப் பற்றி அவள் அப்படித்தான் முடிவு கட்டியிருந்தாள். போதாததற்குப் பக்கத்துப் பண்ணை பாப்பாயி வேறு, ஆளை முழுங்குகிற மெத்தை, படுத்துக் குளிக்கிற தொட்டி என்று ஒன்றுவிடாமல் சொல்லி வயிற்றெரிச்சலைக் கிளப்பியிருந்தாள்.

இளம்பிள்ளைப் பட்டு ஒன்று புதிதாக எடுத்துக் கட்டிக்கொண்டு, மற்ற ஜோடிகளோடு வேன் ஏறினாள்.

ரூம், பாப்பாயி சொன்னதற்கு மேலேயே இருந்தது. மெத்தையில் விழுந்தவள் கொஞ்ச நேரம் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் கோபம் வந்தது. இத்தனை வருஷமாக இங்கே ஒற்றை ஆளாக உருண்டு புரண்டிருக்கிறாரே! பக்கத்தில் அவரும் இருந்தால் எப்படி இருக்கும் என்ற ஏக்கமும் கூடவே வந்து தொலைத்தது. அதற்காகவும் அவரைத்தான் திட்டினாள்.

சாயங்காலம் பார்ட்டி ஆரம்பித்தது. ஜோடி ஜோடியாக நிறுத்திப் போட்டோ எடுத்தார்கள். இவள் முறை வந்தபோது, அடுத்தவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்துகொண்டாள். ஏசி குளிர் வேறு எலும்பு வரைக்கும் ஏறியது. வேனில் விட்டுவந்த சால்வையை எடுக்கக் கீழே போனாள்.

வேன் டிரைவர் அம்மாசி பின்சீட்டைச் சாய்த்துப் போர்வை விரித்துக்கொண்டிருந்தான். வருஷா வருஷம் இவர்களை அழைத்து வருகிறவன் அவன்தான்.

அவளுக்குப் பாவமாக இருந்தது. "இந்தச் சீட்டுல எப்படித் தம்பி படுக்கறது? காலக்கூட நீட்ட முடியாதே?"

"தெரியலீங்க்கா. இதுல படுக்கறது எனக்கு இதுதானுங்க மொதத் தடவ."

"அப்ப மத்த வருசமெல்லாம்?"

"உங்க ரூம்லதானுங்க." அவளுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே அவன் பேசினான். "வண்டி ஓட்டறவன் நல்லாத் தூங்கோணும்னு சொல்லி அண்ணன் சாவிய எங் கையில குடுத்துருவாருங்க. அவரு இதுலயே சுருண்டுக்குவாரு."

தெய்வநாயகி சால்வையைக் கையில் பிடித்தபடி நின்றாள்.

"ஏன்?"

"நானும் எத்தனையோ வாட்டி கேட்டனுங்க்கா. 'எம்பொண்டாட்டி அங்க கோழியோட கோழியாக் கெடக்கறா, எனக்கு மெத்த ஒரு கேடாடா?'ம்பாருங்க."