நாலாவது பாட்டின் இடது கை

"அக்கா, இதைக் கேளேன். 'நாலாவது பாட்டுல டிரம்ஸ் ஒரு நூல் பின்தங்கி வருது, அதுதான் அசல் அறுபதுகளோட திமிர்'னு எழுதியிருக்கான்!"

தம்பி கார் ஷெட்டின் சுவரில் சாய்ந்து, போனைப் பார்த்துப் படித்தான். அவன் கிதார் வாசிப்பவன். டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து வைத்தாள்.

இடது கையிலிருந்த குச்சியைக் கீழே வைத்தாள்.

அவர்கள் குழுவின் ஆல்பம் வெளியாகி ஐந்து நாள். அறுபதுகளில் கார் ஷெட்டுகளில் பிறந்த கராஜ் ராக் இசையைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்லி வைத்தாற்போல அந்த நாலாவது பாட்டிலேயே வந்து நின்றார்கள். ஒரு விமர்சகர் மூன்று பத்தி எழுதி, அந்தத் தாமதத்துக்குள் ஒரு தத்துவத்தையே கண்டுபிடித்திருந்தார். நன்றாக இருக்கட்டும், மனுஷன்.

தத்துவமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. இடது கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இதே ஷெட்டில், ஒரே மைக்கைச் சுற்றி நின்று, பழைய டேப்பில்தான் பதிவு செய்தார்கள். முதல் தடவை வாசித்ததுதான் ஆல்பத்தில் வரும், திருத்தம் கிடையாது. அந்தக் காலத்து ஆட்களைப் போலவே செய்ய வேண்டுமென்று அந்தச் சட்டத்தைப் போட்டவளே அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

அந்தப் பதிவுக்குப் பிறகு இடது கையால் காபிக் கோப்பையைக்கூட எடுப்பதில்லை. சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிஷம் ஆகிறது. டாக்டரிடம் போகவில்லை. போனால் அவர் வியாதிக்கு ஒரு பெயரைச் சொல்லிவிடுவார். அடுத்த மாதம் பன்னிரண்டு ஊர்களில் கச்சேரி. அதை நம்பித் தம்பி வேலையை விட்டுவிட்டு நிற்கிறான். யாராவது ஒருத்தர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் எல்லாம் போச்சு.

மடியிலிருந்த போன் அதிர்ந்தது. குழுவின் இணையப் பக்கத்தில் புதிதாக ஒரு நேயர் எழுதியிருந்தார்.

'அந்த இடது கை வேணும்னு தாமதிக்கல. எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சது. தயவுசெய்து டாக்டரைப் பாருங்க.'

தம்பி கண்ணில் படுவதற்குள் அவசர அவசரமாக அந்தக் கருத்தை மறைத்தாள். உண்மையிலேயே மறைந்ததா என்று பார்க்க, மறைத்தவற்றின் பட்டியலைத் திறந்தாள்.

அங்கே ஏற்கெனவே பதினொன்று இருந்தன.

எல்லாமே இடது கையைப் பற்றியவை. முதலாவது, ஆல்பம் வெளியான அன்று காலையிலேயே மறைக்கப்பட்டிருந்தது.

அந்தப் பக்கத்தின் கடவுச்சொல் அவர்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இதற்கு முன் அவள் எதையும் மறைத்ததில்லை.

நிமிர்ந்து பார்த்தாள். ஐந்து நாளாகத் தம்பி சரியாகத் தூங்கவில்லை என்பது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. விரல் திரையை வேகவேகமாகத் தள்ளிக்கொண்டிருந்தது.

"இன்னொரு பாராட்டுக்கா, படிக்கவா?"

"போதும்டா," என்றாள். "போனைக் கீழே வை."