கண்டம் இல்லாதவர்

வெள்ளம் மாடிப்படியின் ஒன்பதாம் படியை எட்டியிருந்தது. ஓய்வுபெற்ற தாசில்தார் ஏகாம்பரம், தமது ஜாதகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு படகில் ஏற மறுத்தார்.

“எண்பது வயசு வரைக்கும் எனக்குத் தண்ணியில கண்டம் இல்லப்பா.”

படகில் அமர்ந்திருந்த அவருடைய மனைவி அழுது ஓய்ந்திருந்தார். கெஞ்சிக் களைத்த மீனவர் செலஸ்டின், இப்போது மெல்லக் கேட்டார்.

“வீட்டுல இருந்தா மட்டுந்தானா ஐயா, எங்க இருந்தாலுமா?”

“எங்க இருந்தாலும்தான்.”

“படகுல இருந்தா?”

“அதுல என்ன சந்தேகம்?”

“அப்போ நீங்க இருக்கிற படகு கவிழாதுங்களா?”

“எப்படிக் கவிழும்?”

“எனக்கு ஜாதகமே எழுதலைங்க ஐயா. அம்மாவையும் என்னையும் கரைசேர்க்க எங்ககூட வருவீங்களா?”

ஏகாம்பரம் சற்று யோசித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காவலுக்கு வருபவரைப் போல ஏறி முன்னால் அமர்ந்தார்.

“பயப்படாதீங்க” என்றார்.

செலஸ்டின் உடனே துடுப்பை எடுத்தார். மனைவி கணவருடைய சட்டை நுனியைப் பற்றினார். படகு தெருமுனையைக் கடந்த பிறகும் விடவில்லை.