லின்சிக்குக் கட்டின மாடி

"நிறுத்துங்க அத்தை. மாடி கட்டுங்கன்னு நான் எப்ப கேட்டேன்? கேட்டேன்னு யாரு சொன்னது, அப்பாவா அம்மாவா? சரி, நன்றி கெட்டவதான். இருந்துட்டுப் போறேன். ஒரு செங்கல்லாவது எடுத்துக் கொடுத்தியான்னு கேக்குறீங்களே, உள்ள இருக்குற படிய இடிச்சுட்டு வெளிப்பக்கமா படி வைக்கிறாங்க, தெரியுமா? மகளுக்குக் கட்டுற மாடிக்கு மக மழையில நனைஞ்சுக்கிட்டுத்தான் ஏறணுமா? அதுக்கு நான் செங்கல் வேற எடுத்துக் கொடுக்கணுமா?"

பேராவூரணி அத்தை பட்டுன்னு போனை வச்சிட்டாங்க.

தஞ்சாவூர் காலேஜ்லேர்ந்து லீவுக்கு வந்த லின்சிக்கு வந்த நாள்லேர்ந்து இதே பாட்டுதான். திருவாரூர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க, உரக்கடை ஜேசுராஜும் அக்னஸ் டீச்சரும் மாதிரி ஒரு ஜோடி கிடையாதுன்னு. டைல்ஸ் கடைக்கு ஒரே வண்டியில போறாங்க. சிமெண்டு மூட்டை இறங்குனா ரெண்டு பேரும் வாசல்ல நிக்கிறாங்க. கோயில்ல, கல்யாணத்துக்கு நிக்கிற ஜோடிங்களுக்கெல்லாம் திருமணத் தயாரிப்பு வகுப்பு எடுக்குறதே அவங்கதான்.

அவங்களுக்குப் போய் இப்படி ஒரு வாயாடிப் பொண்ணு.

"பாப்பா," குணசேகரன் கொத்தனார் கூப்பிட்டாரு. "கீழ சமையக்கட்டு மேடைக்குக் கருப்பு கிரானைட்டு போதுமான்னு அப்பா கேக்குறாரு. அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு."

"அப்பா அந்தா நிக்கிறாரு. அம்மா இந்தா நிக்கிறாங்க. அவங்களே பேசிக்க மாட்டாங்களா?"

"வேலை ஆரம்பிச்சதுலேர்ந்து நான்தான் நடுவுல ஓடிக்கிட்டு இருக்கேன். இப்ப கையில கலவை இருக்கு. காஞ்சுரும்."

லின்சி கேட்டுச் சொல்லல. நேரா ரெண்டு பேருக்கும் நடுவுல போய் நின்னா.

"மேல எதுக்கு இன்னொரு சமையக்கட்டு?"

"நாளைக்கு நீ குடும்பமா வந்து இருக்க வேணாமாடி?" அம்மா சொன்னாங்க.

"மாப்பிள்ளையே இல்ல, அவன் மிக்சி வைக்க மேடை ரெடி. அப்புறம் தனி மோட்டாரு, தனி மீட்டரு. ஏம்ப்பா, மருமகன் கூட கரண்டு பில்லுக்கு இப்பவே சண்டையா?"

"படிக்க அனுப்புனா திமிருதான் வருது." அப்பா கொத்தனாரைப் பார்த்துச் சொன்னாரு.

"படிய ஏன் இடிக்கிறீங்க? அதையாவது சொல்லுங்க."

"ஹாலு பெருசாத் தெரியும். போ. ஆத்துல தண்ணி வர்றதுக்குள்ள வேலை முடியணும். அப்புறம் குறுவைக்கு உரம் கேட்டு கடையில கூட்டம் நிக்கும். உன்கூட மல்லுக்கட்ட எனக்கு நேரம் கிடையாது."

அன்னைக்கு சாயங்காலமே அத்தைக்கு சேதி போயிருச்சு. பெத்தவங்கள எதுத்துப் பேசுறாளாம். அதுக்கும் லின்சி வாங்கிக் கட்டிக்கிட்டா.

வேலை முடிஞ்சுது. பங்குச் சாமியார் வந்து ஜெபம் பண்ணி வீடு மந்திரிக்க நாள் குறிச்சாங்க. அம்மா திருஇருதய ஆண்டவர் படம் ரெண்டு வாங்கிட்டு வந்தாங்க. ஒரே அளவு, ஒரே சட்டம்.

"வீட்டுக்கு ஒண்ணுதானம்மா வைப்பாங்க. ரெண்டு எதுக்கு?"

"மேல ஒண்ணு. உனக்குத்தான்."

எதைக் கேட்டாலும் உனக்குத்தான்.

மந்திரிப்பு அன்னைக்குக் காலையில, நாற்காலி மேல போட விரிப்பு எடுக்க லின்சி வெளிப்படி ஏறிப் போனா. அலமாரியத் தொறந்தா. அப்பாவோட சட்டை எல்லாம் மடிச்சு அடுக்கியிருந்துச்சு. வேட்டி, ஷேவிங் செட்டு, பிரஷர் மாத்திரை. ஜன்னல் ஓரமா ஒத்தக் கட்டிலு. அது மேல அவர் தலைகாணி.

பின்னாடியே அம்மா வந்து நின்னாங்க.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"கத்தாத. கீழ ஆளுங்க வந்துட்டாங்க."

"அப்ப என் பேரை ஏன் இழுத்தீங்க?"

"உன் பேரைச் சொன்னா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்கடி." அம்மா அலமாரியச் சாத்தினாங்க. "இன்னைக்கு ஒரு நாள் வாய மூடிக்கிட்டு இரு. உனக்குப் புண்ணியமாப் போகும்."

கீழ ஹாலு நிறைய ஜனம். வகுப்புல படிச்சு கல்யாணம் பண்ணின ஜோடிங்க எல்லாம் கைக்குழந்தையோட வந்திருந்தாங்க. பேராவூரணி அத்தை முன் வரிசையில. அப்பாவும் அம்மாவும் ஒரே கலர்ல சட்டையும் புடவையுமா, தோளோட தோள் ஒட்டி நின்னாங்க.

பங்குச் சாமியார் தீர்த்தத்தைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினாரு. "புருஷனும் பொஞ்சாதியும் கூடிக் கலந்து பேசி கட்டின வீடு இது. பொண்ணு நல்லா இருக்கணும்னு கட்டின வீடு. இனிமே நம்ம திருமணத் தயாரிப்பு வகுப்பு இந்த வீட்டுலதான் நடக்கும்."

எல்லாரும் கை தட்டினாங்க. அத்தை தட்டிக்கிட்டே லின்சியத் திரும்பி முறைச்சாங்க, இப்பவாவது புத்தி வருதான்னு.

"எந்த வீட்டுல ஃபாதர்?"

கைதட்டு நின்னுபோச்சு. அம்மா லின்சி கையப் புடிச்சு இழுத்தாங்க. அவ உதறினா.

"இங்க ரெண்டு வீடு இருக்கு ஃபாதர். கீழ அம்மாவோடது. மேல அப்பாவோடது. எனக்குக் கட்டினாங்கன்னு அத்தை என்னைத் திட்டித் தீர்த்தாங்களே, அதுதான் எங்க இருக்குன்னு தெரியல." அவ அப்பா பக்கம் திரும்பினா. "கொத்தனாரைத் தேடாதீங்கப்பா. அம்மா மூஞ்சியப் பார்த்து, இத்தனை பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. அடுத்த லீவுக்கு நான் எந்த வாசல்ல வந்து செருப்பக் கழட்டணும்?"