கசிந்த சிவப்பு

"ஐயோ, மாதா நெஞ்சுல ரத்தங்க!"

செபஸ்தியம்மா போட்ட கூச்சலில் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக் கோயிலே அதிர்ந்தது. காலைப் பெரட்டில் பேர் கொடுக்கப் புறப்பட்ட பெண்கள் கொழுந்துக் கூடையோடு அப்படியே உள்ளே ஓடிவந்தார்கள். போன மாதம் வெள்ளை பூசிய மாதா சொரூபத்தின் மார்பில், உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு கசிந்திருந்தது. சிலர் முழந்தாளிட்டார்கள். சிலர் வாய்விட்டு அழுதார்கள்.

கோயில் மூப்பர் இராயப்பனும் பின்னாலேயே வந்து நின்றார். செபஸ்தியம்மாவின் புருஷன் அவர். சொரூபத்தைத் தனியாளாகப் பண்டாரவளைக்குக் கொண்டுபோய், வர்ணம் பூசி எடுத்துவந்ததும் அவர்தான்.

"ஒருத்தரும் தொடாதேங்கோ," என்றார் பாதர் நிமலன். யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் ஆராயாமல் நம்பமாட்டார். "ஆயர் இல்லத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேணும். இண்டைக்கே ஒரு வான் வண்டியைப் பிடியுங்கோ."

இராயப்பன் சட்டென்று சொரூபத்துக்குக் குறுக்கே வந்தார். சொரூபம் கோயில் வாசலைத் தாண்டக் கூடாது. எப்படியாவது தடுத்தாக வேண்டும்.

"வேணாம் பாதர்! அற்புதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. வெறும் பெயின்ட்டு!"

கூட்டம் திகைத்துப் போனது. "மூப்பர் பேசுற பேச்சா இது?" என்று ஒருத்தி சீறினாள்.

"சத்தியமாங்க. படம் வரையிறவங்க பாவிக்கிற டியூப்ல ஒரு செவப்பு வருது. கல்லு மண்ணுல எடுக்கிறதில்ல, ரசாயனத்துல செய்யிறது. அதுக்கு மேல எத்தன தடவ வெள்ள அடிச்சாலும், புதுப் பெயின்ட்டுல கரைஞ்சு மேல ஏறி வந்துரும். 'அடியில இருக்கிறது அந்தச் செவப்பு, என்னைக்காவது தலைய காட்டும்'னு பண்டாரவளை பெயின்டர் அப்பவே சொன்னாரு."

பாதர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். பெயின்ட் வாசனைதான். "அப்ப வான் வேண்டாம்," என்றார் சலிப்போடு.

முழந்தாளிட்டவர்கள் அசடு வழிய எழுந்தார்கள். இராயப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செபஸ்தியம்மா மட்டும் நகரவில்லை. கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்தச் சொரூபத்தைத் துடைத்து வைப்பவள் அவள்தான்.

"ஏங்க, நம்ம மாதா இத்தன வருசமா வெறும் தேக்கு மரமாத்தானே நின்னாங்க? போன மாசந்தானே மொதமொதலா பெயின்ட்டு பூசுனோம். அடியில செவப்பு எப்படிங்க வந்துச்சு?"

வாசலில் கலைந்துகொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்றது. இராயப்பன் தோள் துண்டால் அந்தச் சிவப்பை மூடப் போனார்.

"சொல்லுங்க... இது யாரு? நம்ம மாதாவ என்னங்க செஞ்சீங்க?"