ஐந்தாம் படுக்கைக்கு உடன் வந்தவர்

பிழை வரவேண்டிய இடத்தில் பிழை வரவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது.

மடியில் லேப்டாப். பக்கத்தில் ஐந்தாம் படுக்கையில் தையல்காரர். வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம், அவருடைய ரத்தம் ஒரு குழாயில் போய் டயாலிசிஸ் மெஷினில் சுத்தமாகி இன்னொரு குழாயில் திரும்பி வரும். இன்று இன்னும் குழாய் மாட்டவில்லை. சின்ன நர்ஸ் இரண்டு முறை ஊசி குத்திப் பார்த்துவிட்டு டாக்டரைத் தேடிப் போயிருந்தாள்.

கோ என்ற கணினி மொழியில் அவள் ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தாள். அதில் அலாரம் என்று ஓர் இன்டர்ஃபேஸ், உள்ளே வர நிபந்தனை போடுகிற வாசல் மாதிரி. அது கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒலிக்கத் தெரிய வேண்டும். அப்புறம் கடிகாரம் என்று ஒன்று எழுதினாள். எதிரில் இருந்ததால் மெஷின் என்று இன்னொன்று. இரண்டுக்கும் ஒலிக்கச் சொல்லிக் கொடுத்தாள்.

இவையும் அலாரம்தான் என்று எங்கேயும் எழுதவில்லை. மறந்துவிட்டாள்.

அவளுக்கு முன்பே தெரிந்த மொழியில் அதை நெற்றியில் எழுதி ஒட்டாத குறை. இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

கோ பேசாமல் உள்ளே விட்டது.

நிரலில் மெஷினிடமிருந்து ஒலிக்கும் வேலையைப் பிடுங்கிப் பார்த்தாள். உடனே பிழை காட்டி முறைத்துக்கொண்டது. திரும்பக் கொடுத்தாள். சமாதானமாகிவிட்டது. அப்படியானால் சோதிக்கத்தான் செய்கிறது. ஆனால் மெஷினுக்கே தெரியாமல் அதை யார் இந்தக் கூட்டத்தில் சேர்த்தது?

பாடத்தை நாலாவது தடவை படித்தாள். யாரும் சேர்க்க வேண்டியதில்லை, அந்த வேலையைச் செய்தால் போதும் என்றது. புரிந்த மாதிரி இருந்தது. அடுத்த வரிக்குப் போனதும் புரிந்ததும் போயிற்று.

தையல்காரர் ஒன்றும் கேட்கவில்லை. வழக்கமாக விடமாட்டார். அவள் படிப்பது இந்த மெஷினை ரிப்பேர் பார்க்கிற படிப்பு என்பது அவர் முடிவு. எவ்வளவு சொல்லியும் மாற்றிக்கொள்ளவில்லை. 'நம்ம இன்ஜினியர்' என்று மற்றப் படுக்கைக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார். முப்பது வருடம் சட்டைக் காலர் மட்டுமே தைத்தவர். டாக்டரின் காலரைப் பார்த்தே அவருடைய வைத்தியத்தைச் சந்தேகப்படுவார்.

இன்று அவருக்கு மூச்சு வாங்கியது. முகம் ஊதி, கண் இரண்டும் உள்ளே போயிருந்தது.

தலைமை நர்ஸ் ஒரு தாளோடு வந்தார். கையில் ரத்தம் எடுக்கும் இடம் அடைத்துக்கொண்டதாம். கழுத்தில் குழாய் வைத்தால்தான் இன்று சுத்தம் செய்ய முடியும். நாளைக்கு என்று விட்டால் நுரையீரலில் நீர் ஏறிவிடும். பெரியவர் கையெழுத்துப் போட்டாயிற்று, உடன் வந்தவர் போடுவதுதான் பாக்கி என்று அவளிடம் நீட்டினார்.

உறவு என்ற கட்டத்தில் ஏற்கெனவே 'மகள்' என்று எழுதியிருந்தது.

நான் மகள் இல்லை என்றாள். 

நர்ஸ் சிரித்தார். அப்பாவோடு சண்டையா என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, போய்ப் பதிவேட்டை எடுத்துவந்து புரட்டினார். ஐந்தாம் படுக்கைக்கு நேராக அவளுடைய போன் நம்பர். என்றோ தையல்காரர் போனில் சார்ஜ் இல்லாத நாளில் அவசரத்துக்குக் கொடுத்தது. அதற்குப் பக்கத்தில் மகள். அடுத்த பக்கத்திலும் மகள். அதற்கடுத்த பக்கத்திலும்.

இதை யார் சொன்னது என்று கேட்டாள்.

"யாரும் சொல்லலம்மா. அவர் பையப் பிடிச்சுக்கிற, மெஷின் கத்துனா ஓடிவந்து எங்களக் கூப்பிடுற, முடிஞ்சதும் கைத்தாங்கலா கீழ கூட்டிட்டுப் போற. வேற என்னத்தப் பாக்கணும் நாங்க?"

தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார். துணையில்லாமல் வருகிறவர்களை இங்கே படுக்கவைப்பதில்லை. அது அவருக்கு நன்றாகவே தெரிந்திருக்கும்.

மகளாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உடன் வந்தவராக இருந்தால் சரி என்று நர்ஸ் அந்தச் சொல்லை அடித்தார். பேனாவை அவள் கையில் கொடுக்கும்போது சாதாரணமாகத்தான் கேட்டார்.

"அப்ப நீ எந்தப் படுக்கைக்கு வந்தவ?"

அவள் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள். பதினோரு படுக்கை. ஒன்றில்கூட அவளுக்கு யாரும் இல்லை.

தையல்காரரின் மூச்சு இழுத்து நின்று மறுபடி இழுத்தது. நர்ஸ் பதிலுக்குக் காத்திருக்காமல் தாளில் விரலை வைத்துக் காட்டினார். கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கோடு. உடன் வந்தவர் உறவில்லை என்றால் அவர் வீட்டு ஆள் ஒருவருடைய நம்பர். இப்போதே கூப்பிட்டு உறுதி செய்துகொண்டுதான் உள்ளே கொண்டுபோவார்கள்.

கையெழுத்துப் போட்டாள். கோட்டுக்கு வந்ததும் பேனா நின்றது.

பிறகு தன் அப்பாவின் நம்பரை எழுதினாள்.

நர்ஸ் கூப்பிட்டார். அப்பா போனில் சத்தமாகப் பேசுகிறவர். ஆஸ்பத்திரியா, நம்பர் மாற்றிப் போட்டுவிட்டீர்கள், என் பெண் காலையிலேயே டிபன் பாக்ஸோடு ஆபீசுக்குப் போய்விட்டாளே என்று அவர் சொன்னது அவள் நின்ற இடம்வரை கேட்டது.

அந்த ஆபீசில் அவளுக்கு வேலை போய் நாலு மாதம். பகலைக் கழிக்க, யாரும் ஏன் என்று கேட்காத இடமாக இந்த அறை கிடைத்தது.

நர்ஸ் போனை இறக்கி அவளைப் பார்த்தார். அவள் கை நீட்டி அதை வாங்கி, நம்பர் சரிதான் அப்பா என்றாள்.