நடுவில் இருந்த குப்பி

மருத்துவமனை ஆய்வகத்தில், உறைய வைத்து உலர்த்தும் இயந்திரத்தின் கதவைத் திறந்ததும் குளிர் அவள் மணிக்கட்டில் ஏறுகிறது. தட்டு நிறையச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு வெள்ளைக் கட்டி. கண்ணுக்குத் தெரியாத பாலிமர் உறைகளுக்குள் மருந்தை அடைத்து அவள் செய்த கட்டி அது. காலையில் மின்சாரம் போய், காற்றை உறிஞ்சும் பம்ப் நின்றபோது குப்பிகளில் உறைந்திருந்த பனி உருகியிருந்தால், உறைகள் உடைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். பார்த்தால் தெரியாது, தண்ணீர் விட்டால்தான் தெரியும். இயந்திரத்தைக் கவனிக்கும் மெக்கானிக், ஏற்கெனவே பளபளக்கும் கதவு ரப்பரைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார். மாடி வார்டில் இந்த மருந்துக்குக் காத்திருப்பது அவர் மகள்.

“அண்ணே, வெளியில நில்லுங்களேன். பாத்துட்டுச் சொல்றேன்.”

“வெளியில நின்னு என்ன பண்ணப் போறேன்? தண்ணிய விடும்மா.”

ஓரத்துக் குப்பி ஒன்றில் ஊசியால் தண்ணீர் இறக்கி, சன்னல் வெயிலில் பிடித்து மெல்லச் சுழற்றுகிறாள். பால்போல் கலங்க வேண்டியது கலங்கவில்லை. அடியில் மணல்போல் ஏதோ உருள்கிறது. மறுபடி சுழற்றுகிறாள். அப்போதும் உருள்கிறது.

“கரையலையா?”

“ஓரத்துலதான் சூடு முதல்ல ஏறும்ணே. நடுவுல இருக்கறது தப்பிச்சிருக்கலாம். அதுல ஒண்ணு எடுங்க.”

அவர் துணியை வைத்துவிட்டுக் கை நீட்டுகிறார். விரல் பட்டுக் குப்பிகள் கிணுகிணுக்கின்றன. நடுவிலிருந்து ஒன்றை எடுத்தவர், அவளிடம் கொடுக்காமல் உள்ளங்கைக்குள் மூடிக்கொள்கிறார்.

“கொஞ்சம் இரும்மா,” என்கிறார்.