மூன்றாம் கணினியின் தேதி

விழுப்புரத்தில் பவுலின் நடத்திய பிரவுசிங் சென்டரில், மூன்றாம் கணினியின் தேதி தினமும் காலையில் 12.6.2006க்குத் திரும்பிவிடும். பேட்டரி மாற்றியும் பயனில்லை. அந்தத் தேதியில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், அதன் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்று எச்சரிக்கை வரும். தேதியைத் திருத்திய பிறகே பவுலின் ஆட்களை உட்காரவைப்பாள்.

2010இல் ஒரு காலை, மகளுக்கு மெயில் அனுப்ப வந்த செபஸ்தியம்மாள் டீச்சர், தேதியைத் திருத்துமுன்பே மூன்றாம் கணினியில் தானே உட்கார்ந்து, எச்சரிக்கையை மீறித் தொடர்ந்துவிட்டார். மெயிலின் சாட் பட்டியலில் மகன் ஆன்டனியின் பெயருக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது. ஆன்டனி 13.6.2006 அன்று சென்னையிலிருந்து வரும்போது, திண்டிவனத்தில் பஸ் விபத்தில் இறந்தவன்.

"நாளைக்கு வர்றேம்மா" என்று எழுதியிருந்தான்.

"பஸ்ல வராத. ரயில்ல வா" என்று தட்டிவிட்டு, மூக்குக்கண்ணாடியை மேசையிலேயே மறந்து எழுந்து போனார்.

மறுநாள் கணினி சரியான தேதியைக் காட்டியது. பத்து மணிக்கு ஆன்டனி வந்தான்.

"அம்மா கண்ணாடிய இங்க வுட்டுட்டாங்களாம்" என்றான்.